இடது பின்னிருக்கை

ஒரு கார் நம்மைக் காப்பாற்றியதா, கைவிட்டதா என்பதை எதை வைத்துச் சொல்வது? பல நாட்களாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு பதில் தோன்றுகிறது, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மாறிவிடுகிறது.

கார் என் கணவருடையது. திருமணத்துக்கு முன்பே பழையதாக வாங்கிய, இரண்டே கதவுள்ள ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்க எனக்கு ஒரு வருடப் பழக்கம் தேவைப்பட்டது. பின்னால் இருப்பதை இருக்கை என்று சொல்லவே பெரிய மனது வேண்டும். அங்கே இடது பக்கத்தில், எங்கள் நான்கு வயது மகளுக்கான குழந்தை இருக்கையைப் பொருத்தியிருந்தோம். ஜன்னல் தாழ்வாக இருப்பதால் சாலையோரப் பூனைகளெல்லாம் தன்னைப் பார்ப்பதாகச் சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் நிபோங் திபாலில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக மகளும் கூடப் போவாள். அன்று அவள் உடம்பு லேசாகச் சுட்டது. நான்தான் வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். நெடுஞ்சாலையில் நல்ல மழை. முன்னால் வண்டிகள் நின்றன, இவரும் நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. இடது பின்பக்கத்தில் மோதி, காரைச் சுழற்றிவிட்டது. அவருக்குத் தோள் எலும்பில் விரிசல், நெற்றியில் சிராய்ப்பு. "வேற ஒண்ணுமில்ல" என்று உறவினர் எல்லோருக்கும் நானே ஃபோன் செய்து சொன்னேன்.

காரைப் பழுதுபார்க்கலாம், அல்லது விட்டுக்கொடுத்து இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம் என்றது காப்புறுதி நிறுவனம். இரண்டில் எது லாபம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கணக்கு சமமாக வந்தது. பணம் முடிவு செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கணவரிடம் கேட்டேன். தோளில் கட்டுடன் உட்கார்ந்திருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீயே சொல்லு. வேணாம்னா வேணாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகள் இன்னும் என்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மறுநாள் அவர் கார் உறையை ஒரு கையாலேயே துவைத்து, எங்கள் அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் காயப்போட்டிருந்தார். மூடுவதற்குக் கார் இல்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

எங்களோடு இருக்கும் மாமியாருக்கு இதில் சந்தேகமே கிடையாது. "பிள்ளைக்கு வர வேண்டியத அந்த வண்டி வாங்கிக்கிச்சு. அதப் போய்ப் பழைய இரும்புக்குப் போடுவியா?" என்றார். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் மழை பெய்யும்போது, காரை இழுத்துப்போய் விட்டிருக்கும் பட்டறையில் அது கூரைக்குள் நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து புக்கிட் தெங்காவில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி தமிழர், என் கணவரைப் பல வருடங்களாகத் தெரிந்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். முன்பக்கத்தைத் தட்டிக் காட்டி, ஒரு கீறல்கூட இல்லை, எஞ்சின் புதுசு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். நான் முன்பக்கத்தைப் பார்க்க வரவில்லை. பின்னால் குனிந்து, குழந்தை இருக்கைக்கும் காரின் பக்கச் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன். மகளின் தண்ணீர்ப் போத்தலும் அவள் துணிமுயலும் இருக்கும் இடம் அது. இப்போது என் உள்ளங்கைகூட உள்ளே போகவில்லை. உள்ளே நசுங்கிய தகடு இருக்கையின் தலைப்பகுதியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்தப் பக்கத்தை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, வேறொரு காரின் அதே பகுதியைப் பற்றவைப்பதுதான் வழி என்றார் அவர். பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். அதே ரகக் காரின் பின்பாதி மட்டும், நடுவில் வெட்டப்பட்டு, மரக்கட்டைகளின் மேல் நின்றது. ஜப்பானிலிருந்து உதிரிப் பாகங்களுக்காக இப்படிப் பாதி பாதியாக வருமாம். இவர்கள் அதை ஹாஃப் கட் என்கிறார்கள்.

"அந்த காரு இடிபட்டதா அண்ணே?"

"வெட்டித்தான் இங்க கொண்டாருவாங்க, தங்கச்சி. இடிச்ச காருனு அர்த்தமில்லலா."

"இடிக்காத காருனும் அர்த்தமில்லையே."

அவர் சிரித்தார். "தம்பி சொல்லவே இல்லயே, நீங்க லாயரா?"

நானும் சிரித்துவைத்தேன். பிறகு, வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டேன். உங்கள் பிள்ளையை அந்த இடத்தில் உட்கார வைப்பீர்களா?

அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"வைப்பேன். என் வேலமேல எனக்கு நம்பிக்க இருக்கு. ஆனா அதே இடத்துல இன்னொரு லாரி வந்து இடிச்சா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, கடையில இருந்து வர்ற புது காருக்கே என்னால சொல்ல முடியாது."

நேர்மையான பதில்தான். பாலத்தில் திரும்பி வரும்போது அதில் பாதி எனக்குத் தைரியம் தந்தது, பாதி அதைப் பிடுங்கிக்கொண்டது.

வீட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம், சரிசெய்தால் வேறு காரின் துண்டைத்தான் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். கத்தி நின்றது.

"அது யாரு வீட்டு வண்டியாம்?"

"தெரியாது அத்த. ஜப்பான்ல இருந்து வந்தது."

"அது யாருக்கு வந்தத வாங்கிக்கிச்சாம்?"

மறுபடி நறுக்க ஆரம்பித்தபடி அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "சரி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கத்தான போறோம். அந்த ஒட்டுத்துண்டுக்குத் தனியா ஒண்ணு வச்சிருவோம். ஜப்பான் வண்டினா என்ன, எலுமிச்சம்பழம் தெரியாமயா போயிரும்?"

கூடத்தில் இருந்த என் கணவர் சிரித்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தார். தோள் வலிக்க, அதைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், காரைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நேரம் மகள் துணிமுயலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கை அந்தத் தகட்டை மறுபடி தொட்டதுபோல் இருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

மாதக் கடைசி வரை அந்தப் பின்பாதியை எனக்காக வைத்திருப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஈப்போவில் கேட்டவருக்குப் போய்விடும். கணவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றி, இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களில், மோதிய காரைச் சரிசெய்து அதிலேயே மறுபடி பிள்ளையை உட்கார வைத்த தாய்மார் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களும் எழுதுங்கள். கார் எப்படி ஓடுகிறது என்பதைப் பட்டறைக்காரரே சொல்லிவிடுவார். முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பது உங்களுக்கு எப்போது நின்றது, நின்றதா இல்லையா, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.