பல்லுக் கத்தியும் விரதக் கத்தியும்

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் கணவருடைய பெயர் கெட்டுவிடுமோ என்ற யோசனையும் இருந்தது. ஆனால் இப்போது மகளுக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் காதிலும் அந்தக் கதை விழுந்துவிட்டது, அதுவும் வேறு உருவத்தில். இனிப் பேசாமல் இருக்க ஏலாது.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன நாட்களில் அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் மலிவாக விலைப்பட்டன. துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர் பாண் ரொட்டி வெட்டும் கத்தி ஒன்று வாங்கி வந்தார். வாய் முழுக்க வாள் மாதிரிப் பல்லு. சூட்டுப் பாணையும் நசுக்காமல் அறுக்கும். எங்களோடு இருந்த கணவரின் அக்கா, என் மச்சாள், அதைக் கையாலும் தொடவில்லை.

"பாணுக்கு இவ்வளவு பல்லு என்னத்துக்கு? மாட்டிறைச்சி அறுத்த கத்தியடி பிள்ளை. பல்லிடுக்கில கொழுப்பு இருந்தா ஆர் கண்டது? நேர் வாயெண்டா ஒருக்காத் துடைச்சாப் போயிடும்."

அதிலும் ஞாயம் இருந்தது. விரதத்துக்கென்று கொல்லன் அடித்த நேர்வாய்க் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிச் சாமிப் படத்தின் கீழே வைத்திருந்தோம். பல்லுக் கத்தி பாணோடு நின்றது.

எனக்குப் பிள்ளையில்லை. பிள்ளைவரம் கேட்டு அந்த வருஷம் கந்தசட்டி ஆறு நாளும் ஒருநேரச் சோற்றோடு விரதம் பிடித்தேன். மச்சாளும் எனக்காகப் பிடித்தார்.

மூன்றாம் நாள் இலையில் இருந்த பூசணித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வரி வரியாக் கிடக்கு. பல்லுக் கத்தியோ?"

"இல்லை மச்சாள், விரதக் கத்தியாலதான் வெட்டினனான். நீங்கள் சாப்பிட வந்தனீங்களோ, கத்தி பாக்க வந்தனீங்களோ?"

"எனக்கென்ன! பிள்ளை வேணுமெண்டு பிடிக்கிறது நீ."

இலையை மடித்துவிட்டு எழும்பிப் போனார். என் இலையில் இருந்த துண்டையும் எடுத்துப் பார்த்தேன். வெட்டியது என் கை, வரியும் பொய்யில்லை. ஆர் என் விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறது? மச்சாளையே சந்தேகப்பட்டேன், முருகன் மன்னிக்கட்டும்.

அடுத்த நாள் விரதக் கத்தியை வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கத்தி வாயில் இரண்டு இடம் உடைந்திருந்தது; வரி விழுந்தது அதனால்தான். பூசணிக்காய்க்குக் கத்தி உடையுமா? பிடி சேருகிற இடத்தில் காய்ந்த மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

கணவர் சாப்பிட வந்ததும் நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

தலையைச் சொறிந்தார். "போன கிழமை உப்புவெளிக் கடற்கரையில பாரை மீன் வெட்டினனான். கந்தசட்டி துவங்க முந்தித்தானே, கழுவித்தான் வைச்சனான்."

"அந்தப் பல்லுக் கத்தியைக் கொண்டு போறதுக்கென்ன?"

"அது மீனைத் தும்பு தும்பாக்கிப் போடுமப்பா! மீனுக்கு நேர் வாய்தான். முள்ளுப் பட்டுக் கொஞ்சம் உடைஞ்சு போச்சு."

"நாசமாப் போவான்!" என்று மச்சாள் கதிரையில் தொப்பென்று குந்திவிட்டார்.

நான் யோசித்தேன். பல்லுக் கத்தி முன்பு என்ன அறுத்ததோ அறியோம்; எங்கள் வீட்டில் பாண் தவிர வேறொன்றும் அறுக்கவில்லை. சந்தேகமே படாத கத்திதான் மீன் வெட்டியிருக்கிறது. பல்லுக் கத்தியை மஞ்சள் தண்ணீரில் அவித்து, பல்லுப் பல்லாகத் தும்பால் தேய்த்து, முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பயற்றங்காய் வெட்டினேன். மச்சாள் சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

அந்த வருஷம் பிள்ளை தங்கவில்லை. மாட்டிறைச்சிக் கத்தியால் நான் விரதத்தைக் கெடுத்தேன் என்று கோயில் கிணற்றடியில் கதை எழும்பியது. மச்சாள் அரைவாசிதான் சொல்லியிருப்பார். மற்ற அரைவாசியைத் தெரு சேர்த்தது. சில வருஷத்துக்குப் பிறகு மகள் பிறந்தபோது ஒருவரும் கத்தியைப் பற்றிக் கதைக்கவில்லை. அவளை முதலில் கையில் வாங்கியவர் மச்சாள்தான்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். பாண் வெட்டிய கத்தியைக் கதையில் மாடு வெட்ட விடாதேயுங்கள். அந்தப் பாரை மீனையும் மறந்துவிடாதேயுங்கள்.