நெய்வேலிப் பயணமும் ஒரு கரண்டி காளான் பொடியும்

“யாரும் அடிக்காம அடி எப்படிம்மா வந்துச்சு?”

ஐந்து வயது மகள் யாழினி நெய்வேலியில் என்னிடம் கேட்டது. அவளுக்குப் புரியும்படி பதில் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி காலை ஆறு மணிக்குச் சென்னை கோயம்பேட்டில் நானும் அவளும் பஸ் ஏறினோம். அக்கா வீட்டுக்காரருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. மூன்று நாள் அவர்கள் குவார்ட்டர்ஸில் தங்குவதாகத் திட்டம். யாழினிக்கு அடிக்கடி சளி பிடிக்கும். ஷிடாகே என்ற ஜப்பானியக் காளானில் பி வைட்டமின்களும் நார்ச்சத்தும் உண்டு, வெயிலில் காய்ந்தால் வைட்டமின் டி கூடும், எதிர்ப்புச் சக்திக்கும் நல்லது என்று படித்திருந்தேன். நூறு கிராம் முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, சத்துமாவுக்குச் செய்வதுபோல் காயவைத்துப் பொடித்து, தினமும் கஞ்சியில் கொதிக்கவிட்டுக் கொடுத்துவந்தேன். பஸ்ஸில் அடுப்பு ஏது? ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாதென்று, விக்கிரவாண்டி தாண்டியதும் ஃபிளாஸ்க்கிலிருந்த வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தேன்.

பண்ருட்டி, காடாம்புலியூர் என்று வழியெல்லாம் முந்திரித் தோப்பு. பதினொன்றரைக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினோம். சனிக்கிழமை மாமா எங்களைச் சுரங்கம் பார்க்க அழைத்துப்போனார். பார்வை மேடையிலிருந்து பார்க்க, கீழே நின்ற இயந்திரங்கள் பொம்மைகள்போல் இருந்தன. யாழினி இறங்கிவர மறுத்தாள்.

ஞாயிறு காலை அவளைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினேன். முதுகிலும் தோளிலும் கோடு கோடாகச் சிவந்த தடிப்புகள். பிரம்பால் விளாசியதுபோல் இருந்தது. என் கையிலிருந்த சொம்பு நழுவியது.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “சுதா, கோவத்துல கைய வச்சிட்டியா? எங்கிட்ட சொல்லு” என்றாள்.

யாழினிதான், “யாரும் அடிக்கல பெரியம்மா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். “காத்து கருப்பு அடிச்சிருக்குதும்மா. கொழந்தைய சுரங்கத்தாண்ட ஏன் இட்டுக்கினு போனீங்க?” என்றவர், கேட்காமலே அவள் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்.

ஞாயிறன்றும் பார்க்கும் ஒரு தோல் டாக்டர் வடலூரில் இருந்தார்; அக்காவோடு ஆட்டோவில் போனோம். முதுகைப் பார்த்ததும், “அம்மா கொஞ்சம் வெளிய இருங்க. பெரியம்மா இருக்கட்டும்” என்றார். மூடிய கதவுக்கு வெளியே, அடிக்காத நானே அடித்தவள்போல் நின்றேன்.

திரும்பக் கூப்பிட்டு, “ரெண்டு மூணு நாள்ல புதுசா என்ன சாப்பிட்டா?” என்றார்.

“புதுசா எதுவும் இல்லைங்க. சளிக்காக ஷிடாகே காளான் பொடி எப்பவும் கொடுக்கறதுதான்.”

“எப்படி கொடுப்பீங்க?”

“கஞ்சியில கொதிக்க வச்சு.” சொல்லும்போதே உறைத்தது. “வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ல, பால்ல அப்படியே...”

“அதாம்மா. சரியா வேகாத ஷிடாகே சிலருக்கு ரெண்டொரு நாள் கழிச்சு இப்படித்தான் சாட்டையடி மாதிரி தடிக்க வைக்கும். தானா அடங்கிடும், பயப்படாதீங்க. சத்து இருக்கறது நெசம்தான். ஆனா அது சாப்பாடு, சளிக்கு மருந்து இல்ல.”

ஆட்டோவில் அக்கா யாழினியை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு, “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி” என்றாள்.

“கேட்டதே நல்லதுக்கா” என்றேன். அப்போது அரைமனதாகத்தான் சொன்னேன். திங்கட்கிழமை பஸ் ஏறியபோது முழுமனதாகத் தோன்றியது. சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் இதைப் பார்த்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவர் கேள்வி கேட்டார், ஒருவர் கயிறு கட்டினார், ஒருவர் என்னை வெளியே நிறுத்தினார். மூவருமே என் மகளைத்தான் பார்த்தார்கள்.

கோடுகள் மங்கிவருகின்றன. கயிறு இன்னும் அவள் கையில் இருக்கிறது. பொடி பாதி டப்பா மிச்சம். தூக்கிப் போடு என்கிறார் கணவர். நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று ஒரு மனம், ஒரு முறை பட்டது போதாதா என்று இன்னொரு மனம். பிள்ளைகளுக்கு இந்தத் தடிப்பு வந்து பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அதற்குப் பிறகு ஷிடாகே கொடுத்தீர்களா? பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?