எழுபத்தெட்டுச் சந்தனப் பொட்டு

எழுபத்தெட்டுச் சீட்டுக்கும் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து முடிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது பிடித்தது. அன்று ஆயுத பூசை. திருச்சுழியில் எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. தராசு, எடைக்கல், சாக்கு தைக்கிற ஊசி, கால்குலேட்டர், வீட்டில் அரிவாள்மனை, கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினால், அலமாரியில் என் நாத்தனாரின் சீட்டுக்கட்டு இருந்தது. அவளுக்கு அதுதானே ஆயுதம், அதை மட்டும் விட்டுவிட்டால் எப்படி என்று நினைத்தேன். படத்தின் மேல் வைத்தால் படம் மறைந்துபோகும் என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து, திருப்பி, முதுகில் வைத்தேன். முறத்தில் பரப்பிக் காயவைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. எனக்கு எதையும் வாய்விட்டுச் சொல்ல வராது. அவளிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் விரலால் சொல்லிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சீட்டுக்கு டாரோ என்று பெயர். ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும்; ராசா, ராணி, கவிழ்ந்த கிண்ணம், தலைகீழாகத் தொங்குகிற ஆள். இதை வைத்து வெளியூரில் குறி பார்க்கிறார்களாம். என் நாத்தனார் யாருக்கும் குறி சொன்னதில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து சீட்டுகளைக் கலைத்துப் பாயில் குப்புறப் பரப்பி, ஒன்றை எடுப்பாள். கையில் இருக்கிற காபி தீரும்வரை எழுந்திருக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் தனக்கு விதித்துக்கொண்டது அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரம் அவளுக்கு மலையைப் புரட்டுகிற வேலை.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணமாகி ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போவாள், பாதித் துணியை எடுத்துவிட்டு வாசலில் பேசப் போவாள், பால் பொங்கிக் கருகிப் புகை வரும். திமிர் பிடித்தவள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தும் தையல் படித்தாள், டைப்பு படித்தாள், கோழி வளர்த்தாள். எல்லாம் பாதி. அவள் தைத்த ஒற்றைக்கை ரவிக்கை ஒன்று இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது என் மகள்தான் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். திரும்பி வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கின வேகத்தில், செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"நா திமிரு பிடிச்சவ இல்லயாம் மதினி. சோம்பேறியும் இல்லயாம். சின்னதுலருந்தே கவனம் ஒரு எடத்துல நிக்காதாம். அதுக்கு ஒரு பேரு கூட இருக்காம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.

முதல் சீட்டுக்கட்டும் என் மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்ததுதான். அதன் பிறகு இவளே போனில் பார்த்துப் பார்த்து வரவழைக்க ஆரம்பித்தாள். பூனை போட்டது ஒன்று, நிலா போட்டது ஒன்று, கறுப்பில் வெள்ளிக்கோடு இழுத்தது ஒன்று. பார்சலைப் பிரிக்கிற அன்று முகம் விளக்குப்போல இருக்கும். நாலாம் நாள் அது அலமாரியின் அடியில் கிடக்கும். பதினொரு கட்டு சேர்ந்தது. ஒரு தை முதல் நாள், பத்தைப் பைக்குள் போட்டு பொங்கலுக்கு வந்திருந்த என் மகள் கையில் கொடுத்துவிட்டாள். முதலில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டாள். "அடுத்த தை வரைக்கும் இது ஒண்ணுதான். ஆயுசுல ஒண்ணயாவது முழுசா முடிச்சிரணும் மதினி" என்றாள். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஆடி தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி தாண்டியது. ஆவணியும் தாண்டியது.

ஆயுத பூசை அன்று அவளைப் பொரியும் பூவும் வாங்க அனுப்பியிருந்தோம். காலையில் போனவள் உச்சிக்குத்தான் பூவோடு வந்தாள். பொரி இல்லை. "பொரி வாங்கப் போனவ ஊரயே அளந்துட்டு வாராளா?" என்று அவர் கத்தினது அவள் காதில் விழவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்தாள். குங்குமம் கரைந்து சிவப்பாகப் பரவியது. இன்னொன்றையும் துடைத்தாள். அதில் வேறு மாதிரி பரவியது.

"முதுகு எல்லாம் ஒண்ணுபோல இருந்தாத்தான் மதினி இது சீட்டு. இப்ப ஒவ்வொண்ணும் ஒரு மொகம் காட்டுது. எது எந்தப் படமுன்னு ஒரு வாரத்துல எனக்கு மனப்பாடம் ஆயிரும். வேண்டாததெல்லாம்தான் எம் மண்டையில நிக்குமே."

"கண்ண மூடிக்கிட்டு எடுத்தா என்னத்தா?"

"கண்ண மூடுனா நான் எங்கயோ போயிருவேன்."

அவர் சிரித்தார். "மூணு மாசந்தான் பாக்கி இருந்துச்சு. ஒங்க மதினி பொட்டு வச்சு அனுப்பிட்டா. இனி பார்சல்காரன் வாசல்ல நிப்பான் பாரு."

அன்று முழுக்க அவள் உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அதே படங்கள் போட்ட புதுக் கட்டு ஒன்று திரையில் இருந்தது. அவள் வாழ்க்கையில் பிடித்து நின்றது அந்த ஒன்றுதான். அதை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். கிட்டே போய், "புதுசு வாங்கிக்கத்தா. தப்பு எம் மேல. அது கணக்குல வராது" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னைக்கு நீங்க பொட்டு வச்சீங்கன்னு வாங்குவேன், நாளைக்கு ஈ உக்காந்துச்சுன்னு வாங்குவேன். எனக்கு என்னயத் தெரியும் மதினி. இதத்தான் வச்சிக்கிருவேன். நீங்க எடுத்துக் குடுங்க. ஒங்களுக்கு எதோட பொட்டு எதுன்னு தெரியாதுல்ல?"

தெரியாது என்று தலையாட்டினேன். அது பொய். குதிரை மேல் ஒரு எலும்புக்கூடு வருகிற சீட்டு ஒன்று உண்டு. பொட்டு வைக்கும்போது அதைப் பார்த்துப் பயந்து, சாந்தியாகட்டும் என்று அதற்கு மட்டும் எட்டணா அகலத்துக்குப் பெரிதாக வைத்திருந்தேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவள் பரப்புவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பெரிய பொட்டின் பக்கமே என் கை போகாது. புருசனும் பிள்ளையும் இல்லாதவள், அந்தக் குதிரைக்காரனை வேறு எதற்கு அவள் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்கு. கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, அவள் எழுந்துவிடுவாளோ என்று அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் எழுந்துவிடுவாள். பல நாள் உட்கார்ந்திருந்தாள்.

மார்கழிக் கடைசி நாள் வந்தது. விடிந்தால் தை. வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

"மதினி, மூணு மாசமா அந்தக் குதிரைக்காரன் வரவே இல்லயே. எங்க போனான்?"

நான் காபித் தம்ளரைப் பார்த்தேன்.

"அவனுக்கு மட்டும் ஏன் இம்புட்டுப் பெரிய பொட்டு? மொத நாளே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏந்தா கேக்கல?"

"இன்னைக்கு அவன எப்பிடித் தாண்டுவீகன்னு ஒங்க கையப் பாக்கத்தான் தெனம் உக்காந்திருந்தேன். ஒரு நாளு வலப்பக்கமா வருவீக, ஒரு நாளு மேலாக்க வருவீக. மனசு வேற எங்கயும் போகல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆனா அது நீங்க என்னயப் பிடிச்சு வச்சது. நானா நின்னதா ஆகாது. அவன் சாவு இல்ல மதினி. ஒண்ணு முடியிறதுக்குத்தான் அவன் வருவான். நான் எதயும் முடிச்சதில்ல. வரட்டும்."

இரண்டு வருசம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவள் கையில் அதே கட்டுதான். இன்றைக்கும் பால் பொங்குகிறது, பொரிக்குப் போனால் பூ வருகிறது, அவரும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கு என்னமோ அந்த மார்கழிக் கடைசிக் காலைப் பொழுதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய பொட்டு வைத்த சீட்டைக் கண்ணைத் திறந்துகொண்டு, தெரிந்தே எடுத்துத் திருப்பித் தன் முன்னால் வைத்தாள். காலை மடக்கி உட்கார்ந்தாள். முழங்கால் ஆடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைப் பார்க்க எழுந்தேன், கதவைச் சாத்த எழுந்தேன், சாத்தியதைத் திறக்க எழுந்தேன். நாலாவது தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்:

"உக்காருங்க மதினி. ஒங்க காபி ஆறுது."