நிற்காமல் போகிறவர்

காத்தமுத்து விடிகிற நேரத்தில் வேகமாக நடந்து போனால் யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று அர்த்தம். நீலகிரியில் குந்தா பக்கத்தில் இருக்கிற அந்த எஸ்டேட்டில் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்கள் எல்லாம் பள்ளத்துக்குள் இருக்கின்றன. மேலே ரோட்டில் நிற்கும்போது கிடைக்கிற சிக்னல் கீழே நாலு எட்டு இறங்கினால் காணாமல் போய்விடும். அதனால் அவசரச் செய்தி எதுவானாலும் ஃபேக்டரி போனுக்குத்தான் வரும். குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது என்றால் யாரும் ஆள் அனுப்புவதில்லை. அதெல்லாம் தானாக வந்து சேரும். கேதத்துக்கு, அதாவது சாவுச் செய்திக்கு மட்டும் ஓர் ஆள் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். முன்பு அந்த ஆள் காத்தமுத்துவின் அப்பா. அவருக்குப் பிறகு, வேறு யாரும் வரமாட்டேன் என்றதால், காத்தமுத்து.

அதற்கு ஒரு முறை உண்டு. அந்தத் தோட்டத்து ஜனங்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கொண்டுவந்த முறை அது. கேதம் சொல்லப் போகிறவர் வழியில் யாரோடும் பேசக் கூடாது. எந்த வாசலிலும் நிற்கக் கூடாது. துக்கம் விழுந்த வீட்டு வாசலில் மட்டும் நிற்பார். அங்கேயும் அவராக வாயைத் திறக்க மாட்டார். வீட்டுக்காரர்களே ஒவ்வொரு பெயராகக் கேட்பார்கள். சரியான பெயர் வந்ததும் தலையை அசைப்பார். அவ்வளவுதான். அவர் நிற்காமல் போனால் நம் வீடு தப்பித்தது என்று அர்த்தம்.

கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? இருபது வருஷமாக அதைச் செய்து பார்த்தால் தெரியும். எந்த வீட்டில் யாரை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று காத்தமுத்துவுக்கு அத்துப்படி. முதலில் வாயில் வருகிற பெயர் எப்போதும் அந்தப் பெயர்தானே. மாரியாயியின் புருஷன் செத்த அன்றைக்கு அவள் வாசலில் போய் நின்றபோது, அவள் முதலில் கேட்டது மகன் சசிதரனைத்தான். அவர் இல்லை என்று தலையாட்டினார். அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. புருஷன் பிணமாகக் கிடக்கிற நேரத்தில் வந்த நிம்மதி. அதை அவர் பார்த்துவிட்டார் என்பது அவளுக்கும் தெரியும். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்படி ஒவ்வொரு வீட்டு முகமும் அவருக்குள் கிடக்கிறது. ராத்திரி அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

அவருடைய வேலையே அடுப்போடுதான். தேயிலை காய்கிற ட்ரையருக்கு விறகு போட்டுச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீசனில் கொழுந்து லோடு லோடாக வந்து இறங்கும். வந்ததெல்லாம் தூளாகிற வரைக்கும் அடுப்பு அணையக் கூடாது. சாயங்காலம் உள்ளே போகிறவர் விடியும்போதுதான் வெளியே வருவார். மாற்று ஆள் லீவு போட்டால் பகலும் அவர் தலையில் விழும். முகத்துக்கு நேராக அனல், முதுகுக்குப் பின்னால் குந்தா குளிர். இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

சுகர் அவர்கள் வீட்டுச் சொத்து. அண்ணன் அழகர்சாமிக்கு முதலில் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்கால். பிறகு ஆளே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் காத்தமுத்துதான் அண்ணனை முதுகில் சுமந்து ரோடு வரைக்கும் ஏறினார். ஒவ்வொரு முறையும் கனம் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் குறைந்த கனம் அவர் முதுகை விட்டு இன்னும் இறங்கவில்லை.

போன வருஷம் ஒருநாள் விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. குனிந்து பார்த்தால் அவர் செருப்பு. தீக்கங்கு ஒன்று வாரைப் பொசுக்கி, தோலையும் பொசுக்கிக்கொண்டு கிடந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலிக்கவே இல்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அவர் உட்கார்ந்த இடத்தில் அப்படியே வெகுநேரம் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குன்னூரில் பார்த்த டாக்டரம்மா மாத்திரையை எழுதிவிட்டு, நடக்கிறீர்களா என்று கேட்டார். நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறேன் என்றார் இவர். நிற்பதெல்லாம் கணக்கில் சேராது, தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, இல்லையென்றால் அண்ணன் போன வழியில்தான் போவீர்கள் என்று டாக்டரம்மா பட்டென்று போட்டு உடைத்தார். நிற்கக் கூடாது என்ற சொல்லைக் கேட்டதும் காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குப் பழக்கமான சொல்தான். ஆனால் அதை உயிர் பிழைக்கிறதற்கு ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை.

சரி, நடக்கலாம். எப்போது நடப்பது? ஊட்டியில் போய்ப் பாருங்கள், ஷூவும் குல்லாயும் மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி எத்தனை பேர். அவர்களுக்கெல்லாம் காலை என்று ஒன்று இருக்கிறது. விறகு போடுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள் காலையை? தூங்குகிற பகலில் பாதியைப் பிடுங்கி நடந்து பார்த்தார். அன்று ராத்திரி அடுப்பு வாய்க்கு முன்னால் தலை தொங்கிவிட்டது. நல்லவேளை, ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் லூயிஸ் பார்த்துத் தோளைப் பிடித்து இழுத்தார். ஃபேக்டரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கலாம் என்றால் மிஷின்களுக்கு நடுவே இடம் இல்லை. மேலே ரோட்டில் விடிகாலையில் காட்டெருமை நிற்கும். பனிமூட்டத்தில் அதன் மூக்கில் போய் மோதிக்கொள்கிற வரைக்கும் தெரியாது. கடைசியில் மிஞ்சியது வேலை முடிந்து வெளியே வருகிற அந்த விடிகாலையும், லயங்களுக்கு நடுவே போகிற மண்பாதையும்தான்.

பாவம், முதல் நாள் அவர் ஒன்றையும் யோசிக்கவில்லை. தன் காலைப் பற்றிய யோசனையிலேயே இருந்தார். பனிக்குள் நாலு வீடு தாண்டிய பிறகுதான் கதவுகள் திறக்கிற சத்தம் காதில் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் ஓர் உருவம் நின்று, அவர் தன் வீட்டைத் தாண்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. தாண்டியதும் பின்னால் பெருமூச்சு கேட்டது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நின்றால்தானே சொல்ல முடியும்? எந்த வாசலில் நிற்பது? இசக்கியம்மா வீட்டருகே வழுக்கிச் சற்றுத் தடுமாறினார். அவ்வளவுதான், அவர் நின்றுவிட்டார் என்று நினைத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவின் பெயரைச் சொல்லி அலற ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கப் பாதிப் பேர் வரவில்லை. சூப்பர்வைசர் மனோகரன் வந்து காட்டுக் கத்தல் கத்தினார்.

காத்தமுத்து நடையை விட்டார். ஒரு மாசம் போனது. காலில் சுண்டுவிரல் பக்கம் தோல் நிறம் மாறியது. அதை அவர் மறைத்துப் பார்த்தார். பெண்டாட்டி சுகுணா கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை அவள். ஊரார் பயப்படுகிறார்கள் என்று உன் காலைக் கொடுக்கப் போகிறாயா, அவர்களா வந்து உன்னை முதுகில் தூக்கப் போகிறார்கள் என்று அடித்துக் கேட்டாள். கேதம் சொல்கிற வேலையை வேறு யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்று அவர் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார். எவன் கேட்டு வாங்குவான் அந்த வேலையை?

மாரியாயி அவர் வீட்டுக்கு வந்தது அந்த வாரத்தில்தான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று சுகுணா முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். அவர் நடந்த அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் பயந்தவள் அவள்தான். சசிதரன் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி ராத்திரியாக மேட்டுப்பாளையத்துக்கு மலை இறங்குகிறவன். அவள் தூங்குவதே அவன் திரும்பி வந்த பிறகுதான். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. அவர் காலைக் காட்டச் சொன்னாள். பார்த்தாள்.

"உங்கண்ணன் தவழ்ந்து தவழ்ந்து வெளிய போனதை நானும் பாத்தேங்க தம்பி. நீங்க தெனமும் நடங்க. வருசத்துக்கு ஒருக்கா வந்தாத்தான் அது பயம். தெனமும் வந்தா பழகிப் போயிடுமுங்க" என்றாள்.

சொன்னது மட்டும் இல்லை, லயம் லயமாகப் போய் எல்லாரிடமும் அவளே பேசிவிட்டு வந்தாள். மறுநாள் அவர் நடந்தார். கதவுகள் திறந்தன. மாரியாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தாண்டிப் போகிறவரைக்கும் அவள் விரல்கள் மரத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. தன் காலடி ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் விழுகிறமாதிரி அவருக்கு இருந்தது. ஆனாலும் நடந்தார். அவளும் மறுநாள் வந்து நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள்.

பழகிவிடும் என்று அவள் சொன்னது சரியாகப் போயிற்று. முதலில் கதவுகள் பாதியாகத் திறந்தன, அப்புறம் திறப்பதையே விட்டுவிட்டன. இசக்கியம்மா அவர் சத்தம் கேட்டு அடுப்பைப் பற்றவைக்க ஆரம்பித்தாள். தொப்பை எங்கே போச்சு என்று கிண்டல் செய்கிற அளவுக்கு ஆனது. மாரியாயிதான் ரொம்ப மோசம். பல் விளக்கிக்கொண்டே, நேத்தைவிட இன்னைக்கு நடை கம்மி, டாக்டரம்மாகிட்டச் சொல்லட்டுங்களா என்று மிரட்டுவாள். நிறம் மாறிய தோல் பழையபடி ஆயிற்று. காலில் முள் குத்தினால் சுருக்கென்றது. சுருக்கென்றதற்காக ஒரு மனுஷன் பாதையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

அந்த மாசங்களில் எஸ்டேட்டில் ஒரு சாவும் விழவில்லை. எமனே குழம்பிப்போய்விட்டான் என்று வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் சிரித்தார்கள். காத்தமுத்துவால் சிரிக்க முடியவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பழைய முகங்கள் வருவது நின்றுபோயிருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. எங்கே போயிருப்பார்கள் இவர்கள் எல்லாம் என்று தோன்றும். ட்ரையர் இரைச்சலுக்குள்ளே போன் மணி அடிக்கிறமாதிரி கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பார். போன் சும்மா இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவர் வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது லூயிஸ் அவரிடம் வந்தார். ஆபீஸ் ரூம் கதவு அவருக்குப் பின்னால் திறந்து கிடந்தது. லூயிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பர்லியாறு தாண்டி வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். சசிதரன் அங்கேயே போய்விட்டானாம். போலீஸ்காரர் இப்போதுதான் போன் பண்ணினாராம்.

காத்தமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மழை விட்டிருந்தது, பனி இறங்கியிருந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது, யாரோ பிள்ளையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மா வீட்டுக் கூரையில் புகை வந்தது. அவர் போவது எல்லார் காதிலும் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாராவது ஒருவர் கதவைத் திறந்து பயந்து பார்த்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மாரியாயி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பையன் இன்னும் வரவில்லை, மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பான், நீங்க நடங்க என்றாள். காத்தமுத்து நடந்தார். நிற்க வேண்டிய வாசலில் நிற்காமல் தாண்டிப் போனார். உங்கள் வீடு தப்பித்தது என்று அவர் கால்கள் அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போயின. பாதை முடிகிற இடத்தில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இப்படியே மேலே ஏறிப் போய்விடலாமா என்று நினைத்தார். சொல்கிறவரைக்கும் அவளுக்கு மகன் இருக்கிறானே. ஆனால் மனோகரன் சொல்லிவிடுவார், இல்லை யாராவது ரோட்டில் கேட்டுவிட்டு வந்து ஓலமிட்டுச் சொல்வார்கள். என் காலைத் திருப்பிக் கொடு என்று அவளிடம் அவர் போகவில்லை. அவளாகத்தான் வந்து கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

கோலம் பாதி முடிந்திருந்தது. அவர் அவள் வாசலில் வந்து, முறைப்படி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். பெயரைக் கேட்டுவிடு என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினார். கேட்டால் தலையை அசைத்துவிடலாம்.

"ஏந்தம்பி நின்னுட்டீங்க? இன்னைக்கு ரெண்டு சுத்தா? மூச்சு வாங்குதுங்களே, உக்காருங்க" என்று அவள் உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்து போட்டாள்.

அவர் உட்காரவில்லை. அவள் மறுபடி குனிந்து கோலத்தில் கையை வைத்தாள்.

"அக்கா, இன்னைக்கு நான் நடக்கறதுக்கு வரலைங்க."

பொடி விரலிடுக்கில் இருந்தபடியே நின்றுவிட்டது. அவள் நிமிரவில்லை. எந்தப் பெயரையும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் எந்த வாசலிலும் சொல்லாததைக் காத்தமுத்துவேதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.