இரண்டாயிரம் மீற்றர் உயரத்து ஊர்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நான் தாதியாக வேலை செய்யும் நுரையீரல் பிரிவுக்கு, சென்ற குளிர்காலத்தில் ஒரு மெக்சிக்கோக்காரர் வந்தார். மகனோடு வாழ வந்தவர். அகன்ற தோள்கள், நீலம் பாரித்த உதடுகள். போர்வையை மலைபோல மடித்து, தன் ஊரான குவானாஹுவாத்தோவை எனக்குக் காட்டுவார். பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் வண்ண வீடுகள். ஆறு ஓடிய இடத்தில் இப்போது நிலத்தடித் தெரு. ஸ்பானியர் அந்த மலையைக் குடைந்து வெள்ளியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்களாம். அதே மலைச் சுரங்கத்தில்தான் இவரும் முப்பது வருடம் வேலை செய்தார். அந்தத் தூசுதான் நெஞ்சை அரித்துவிட்டது.

ஒரு காலை, ஊருக்குப் போகலாமா என்று வைத்தியரிடம் கேட்டார். ஊர் இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் காற்று உங்களுக்குப் போதாது என்று வைத்தியர் மறுத்துவிட்டார்.

வைத்தியர் போனதும் அவர் என்னிடம் ஜெர்மன் மொழியில் கேட்டார்: "உங்கட ஊர் எவ்வளவு உயரம்?"

"யாழ்ப்பாணமோ? கடல்மட்டம்தான்."

"அப்ப உங்களுக்குப் போக ஏலும். போனனீங்களோ?"

"இல்லை. அம்மாவும் அப்பாவும் விட்டிட்டு வந்த ஊர். நான் ஒருக்காலும் போகேல்லை."

அவர் என் கையைப் பிடித்தபடி நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

இரண்டு கிழமையில் இறந்துவிட்டார். அந்தக் கை என்னைக் கண்டித்ததா, எனக்காக இரங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.