சடை டஸ்டருக்கு மெழுகு போட்ட கதை

1. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி

மோட்டார் ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மாப்பிள்ளையின் பின்புறத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூந்தமல்லியில் காதர் சாயபுவின் வாடகைக் கார் ஷெட் அது. கல்யாணத்துக்கென்று ஒரு கறுப்புக் கார், மற்ற சவாரிக்கு ஒரு கிழட்டுக் கார். ஸ்டோர் பார்த்த குமாஸ்தா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. என் வீட்டுக்காரரும் பட்டாளத்து லாரி ஓட்டத்தான் போயிருந்தார். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட் என்று இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதுவேன். அவை வண்டியில் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கைக்குழந்தை மீனாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. இதைச் சொன்னதும் இரண்டு இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயபு மட்டும் மேலே பார்த்தார்.

"ஸ்டோர் உத்தரத்துல தூளி கட்டிக்கம்மா. புள்ள கத்துனா சவாரி பேச வர்றவன் ஓடிப்பூடுவான், அத்த மட்டும் பாத்துக்க."

வேலையோடு தூளிக்கும் இடம் கொடுக்கிற முதலாளி இந்தப் பக்கத்தில் இன்னொருவர் கிடைக்க மாட்டார். இந்தக் கதையில் நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்று யாராவது நினைத்தால், அந்தத் தூளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூளி கட்டி முடித்தேன். கயிற்றை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். அப்போதுதான் திருவேற்காட்டுக் கோயில் கல்யாணத்துக்குப் போயிருந்த கறுப்புக் கார் திரும்பி வந்தது. டிரைவர் முனுசாமி இறங்குவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கிவிட்டார்.

"சாயபு! வாடகைக்கு வண்டி கேட்டனா, தாரு டின்னு கேட்டனா? மாப்ள கதவாண்ட கொஞ்சம் சாஞ்சான். பட்டு வேட்டி பின்னாடி பட்டையா ஒரு கோடு! தாலி கட்ட உக்காந்தப்ப சனமெல்லாம் பொண்ணு மூஞ்சியப் பாக்கல, அத்தத்தான் பாத்துதுங்க!"

"மாப்ள இன்னாத்துக்கு சாயணும்? நிக்கத் தெம்பில்லாதவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்று முனுசாமி முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்தால் எதிர்ச்சாரிக் கடை வரைக்கும் கேட்கும்.

தாய்மாமனைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு சாயபு குற்றவாளியைக் கொண்டுவரச் சொன்னார். அது ஒரு டஸ்டர். மரக் கைப்பிடியில் தடித்த பருத்தி இழைகள் சடை சடையாகத் தொங்கும். யுத்தத்துக்கு முன்னால் மவுண்ட் ரோட்டில் வாங்கியது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாம். நான் பார்த்தபோது கரடி வால் போல இருந்தது.

பெட்ரோல் ரேஷன் வந்ததிலிருந்து கிழட்டுக் கார் அடுப்புக்கரியை எரித்து எடுக்கிற கரிக் காஸில் ஓடியது. அதன் முதுகில் அடுப்பு ஒன்று ஏறியிருந்தது. முனுசாமி அந்த அடுப்பைத் தட்டிய டஸ்டராலேயே கல்யாணக் காரையும் துடைத்திருக்கிறார். போதாததற்கு ஆவடிக்குப் போகிற பட்டாள லாரிகள் கிளப்பிய புழுதி வேறு.

"தூக்கிப் போடு அத்த. புதுசு வாங்கு," என்றார் சாயபு. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா ஸ்டோரு? ஒனக்கு மொத வேல அதான்."

2. மயிலிறகு

மவுண்ட் ரோட்டுக்குச் சவாரி போன முனுசாமியிடம் கடையில் விசாரிக்கச் சொன்னேன்.

"இல்லியாம் தங்கச்சி. இப்ப கப்பல்ல குண்டுதான் வருதாம், டஸ்டர் வரலியாம்," என்று சொல்லி, அக்குளிலிருந்து ஒரு மயிலிறகுக் கட்டை எடுத்தார். "கவலப்படாத. இத்தப் பாரு. சும்மா மெத்து மெத்துன்னு கீது."

"அண்ணே, இது தர்காவுல மந்திரிக்க வச்சிருப்பாங்களே, அது மாதிரி இருக்கே?"

"எறகு எறகுதான். காருக்கு இன்னா தெரியும்?"

காருக்குத் தெரியவில்லை. வானகரத்துக் கல்யாண வீட்டில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. முனுசாமி பானெட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் சளி பிடித்த பையனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தித் தலையைக் குனிய வைத்தாள். முனுசாமிக்கு யார் மனதையும் நோகடித்துப் பழக்கமில்லை. இரண்டு தட்டு தட்டினார். பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய கார், ஊரில் உள்ள காய்ச்சல், இருமல், கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் மந்திரித்து முடித்த பிறகுதான் கிளம்பியது. முனுசாமி வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து இறங்கினார்.

சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சு வேள தொழுவுறவன் நான். என்னாண்ட ஒரு பய தல குனியல. ஒன்னாண்ட ஊரே குனியுது. ஏண்டா, கார் ஓட்டப் போனியா, கடை போடப் போனியா?"

பழத்தைப் பார்த்துச் சிரித்தவர், மட்கார்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். இறகின் தண்டு பட்டு, பெயின்ட்டில் மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு வர வேண்டியது வந்தது.

"ஏம்மா, வேலப்பன்சாவடி மிராசுதார் ஊட்டுக் கல்யாணம் வருது. பொண்ணுங்க நாலு பேரு, ஒருத்தி கல்யாணம் ஒழுங்கா நடந்தா நாலும் நம்மளுது. என் மச்சினன் அப்துலு ஹார்பர்ல ஆளப் புடிச்சு டஸ்டர் கொண்ணாறன்றான். கொண்ணாந்தா ஸ்டோரையும் அவனாண்டயே குடுத்துடுன்னு ஊட்ல பிடிவாதம். நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. அதுக்குள்ள நீ எதனா வழி பண்ணா சரி."

தூளியில் மீனா விரல் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஷெட்டின் நிலவரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

3. கழுவலாமா, கூடாதா

பழைய டஸ்டரை நான் எறியவில்லை. எறியச் சொன்ன பிறகும் எறியாதது சரியா என்று தினமும் யோசித்தேன். ஆனாலும் எறியவில்லை.

முதலில் கொல்லைப்புற வேப்பமரத்தில் அடித்து உதறினேன். வந்த கரிப்புகையைப் பார்த்து, கிழட்டுக் கார்தான் கிளம்பிவிட்டதென்று முனுசாமி எட்டிப் பார்த்தார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேலை முடிந்ததும் ஒவ்வொரு தரமும் இப்படி உதறியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சடை டஸ்டருக்கு உதறுவதுதான் குளியல். ஆனால் இதில் கரி, வண்டி எண்ணெயோடு குழைந்து உள்ளே இறங்கிவிட்டது. உதறல் மட்டும் போதவில்லை.

முழுவதையும் சோப்பில் முக்கத் தைரியம் வரவில்லை. கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான். ஓரத்து இழைகளை மட்டும் நூல் கட்டிப் பிரித்துக்கொண்டேன். சிலவற்றைச் சோப்புத் தண்ணீரில் கசக்கினேன். சிவப்பு நிறம் எட்டிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காய்ந்த பிறகு ஜன்னல் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன். தூசி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் குடிபோனது, இழையில் ஒட்டவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அழுக்கோடு சேர்த்து அதன் உயிரையும் கழுவிவிட்டேன். இழையில் ஏதோ ஒரு பசை இருந்திருக்கிறது. அதுதான் தூசியைப் பிடித்திருக்கிறது.

"கஞ்சி போடு தங்கச்சி, வெறப்பா நிக்கும்," என்றார் முனுசாமி.

"வண்டியக் கீறவா?"

"அப்ப எண்ண வை. பொம்பளைங்க தலைக்கு வெக்கறாப்புல. சடைதானே?"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். நான் செய்து பார்த்துவிட்டேன். சில இழைகளில் தேங்காய் எண்ணெய், சிலவற்றில் விளக்கெண்ணெய். தூசி ஒட்டியது. மறுநாள் காலை ஸ்டோர் கதவைத் திறந்தால், சுவரிலிருந்து டஸ்டர் வரை எறும்புகள் கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தூளி. நான் போட்ட கூச்சலில் சாயபு செருப்போடு ஓடி வந்தார். விளக்கெண்ணெய் வைத்த இழைகளோ கண்ணாடியை விட மாட்டேன் என்று பிசுபிசுத்தன.

4. வடைக் காகிதம்

வழி கிடைத்தது வேறொரு வேலையில். கிழட்டுக் காரின் பின்சீட்டு கிழிந்திருந்தது. தையல் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டதால் அதுவும் என் தலையில் விழுந்தது. சீட்டு தைக்கிற நூலை மெழுகில் இழுத்துத்தான் தைப்பார்கள். தைத்து முடித்து நூலைத் துண்டிக்கும்போது பார்த்தேன், மடியில் கிடந்த பஞ்சுத் துணுக்கெல்லாம் நூலில் ஒட்டியிருந்தது. மெழுகை எறும்பு தேடி வராது. ஊசிப்போகவும் போகாது.

யுத்தகாலத்தில் விளக்கணைக்கும் இருட்டடிப்பு ராத்திரிகளுக்கென்று வாங்கி வைத்த மெழுகுவத்தி ஸ்டோரில் இருந்தது. கொல்லையில், மீனாவின் தூளிக்கு எட்டாத தூரத்தில் அடுப்பு மூட்டினேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் குவளையை வைத்து மெழுகை உருக்கினேன். பிறகு அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். அணைந்துவிட்டதா என்று கிளறிப் பார்த்தேன். மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். குவளையைத் தூக்கிக்கொண்டு கொல்லையின் மறுகோடிக்குப் போய், அங்கேதான் மெழுகு கட்டியாக உறையாமலிருக்க மண்ணெண்ணெய் கலந்தேன். பயந்தாங்கொள்ளி என்று முனுசாமி சிரித்தார். மண்ணெண்ணெயையும் நெருப்பையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் தைரியசாலியாக நான் ஆக மாட்டேன். நீங்களும் ஆகாதீர்கள்.

டஸ்டர் முழுவதையும் சோப்பில் கழுவி, அலசி, நிழலில் காயவைத்திருந்தேன். மெழுகுக் கலவையைத் துணியில் தொட்டு இழை இழையாகத் தடவி வெயிலில் தொங்கவிட்டேன். மண்ணெண்ணெய் வாடை போய் மெழுகு தங்கியது. கண்ணாடியில் இழுத்தேன். தூசி ஒட்டிக்கொண்டது. ஆனால் பின்னாலேயே வெளுப்பாக ஒரு தடம்.

அழுகை வந்துவிட்டது. மறுபடியும் கழுவுவதா? பேசாமல் எறிந்துவிட்டு அப்துலுக்கு நாற்காலியைத் துடைத்து வைப்பதா?

முனுசாமி வடை வாங்கி வந்து நீட்டினார். "துன்னு. அழுதுகினே துன்னாதே, உப்பு சாஸ்தியாப் பூடும்." நான் பழக்கதோஷத்தில் வடையைப் பழைய பேப்பரில் வைத்து அமுக்கினேன். பேப்பரில் எண்ணெய் வட்டமாக இறங்கியது. வடையைப் பார்த்தேன், டஸ்டரைப் பார்த்தேன். வடையை முனுசாமியிடமே கொடுத்துவிட்டு, ஷெட்டில் இருந்த பழைய பேப்பரையெல்லாம் பொறுக்கினேன். இழைகளைப் பேப்பரில் பரப்பிச் சுற்றி, மேலே ஒரு டயரை ஏற்றி வைத்தேன். ஒரு நாள் விட்டுப் பேப்பரை மாற்றினேன். மிஞ்சிய மெழுகையெல்லாம் பேப்பர் குடித்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணாடியில் தடம் விழவில்லை.

5. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தன்று காலை, அப்துல் அத்தர் வாசனையோடு வந்து சேர்ந்தான். கையில் தகரப் பெட்டி. உள்ளே புத்தம் புது டஸ்டர், மிளகாய்ப் பழச் சிவப்பு.

"மச்சான், பாத்துக்க. நேத்துதான் கப்பல்லேந்து எறங்குச்சு." என்னிடம் திரும்பினான். "யக்கா, ஸ்டோர் சாவி எங்க மாட்டுவீங்க?"

சாயபு இரண்டு டஸ்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பானெட்டுக்கு இந்தப் பக்கம் நீ தொடைம்மா. அந்தப் பக்கம் அவன். பாப்போம்."

இருவரும் துடைத்தோம். என் பக்கம் அப்பழுக்கில்லாமல் இருந்ததென்று சொல்ல மாட்டேன், விளக்கின் இடுக்கில் தூசி தங்கிவிட்டது. அப்துல் வீசிய வீச்சோ ராஜா வீட்டுச் சாமரம் போல இருந்தது. அவன் பக்கம் பளபளவென்று ஜொலித்தது. காரை வெயிலுக்குத் தள்ளும் வரையில்.

வெயிலில் அவன் பக்கம் முழுவதும் நத்தை ஊர்ந்தது போல வெளுத்த தடங்கள்.

"இன்னா அப்துலு பாய், காருக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறியா? தீவாளி இன்னும் வரலியே," என்றார் முனுசாமி.

அப்துலின் முகம் டஸ்டரின் நிறத்துக்கு வந்தது. "தூ! போலிச் சரக்கு!" என்று டஸ்டரைக் குப்பை மேட்டுப் பக்கம் எறியப் போனான்.

அது போலிச் சரக்கில்லை என்பது அந்த ஷெட்டில் எனக்கு மட்டும் தெரியும். புதுசுக்கு மெழுகு அதிகம், அவ்வளவுதான். பேப்பரில் சுற்றி வைத்தால் என்னுடையதைவிட நன்றாகவே வேலை செய்யும். சொன்னால் அப்துல் ஜெயித்துவிடுவான். சொல்லாவிட்டால் நல்ல டஸ்டர் குப்பைக்குப் போகும். தூளி உத்தரத்திலேயே இருக்கும். நான் ஸ்டோர் பார்க்கிறவள். ஸ்டோர் பார்க்கிறவள் நல்ல சாமானைக் குப்பைக்கு அனுப்பலாமா? அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே?

"எறியாதீங்க. அதுல தப்பில்ல. மெழுகு அதிகமா இருக்கு. பேப்பர்ல சுத்தி ஒரு நாள் வச்சா சரியாயிடும்," என்று வாய் சொல்லிவிட்டது.

முனுசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "தங்கச்சி, வாய மூடறதுக்கு இஸ்கூல்ல பாடமே வெக்கலியா?"

சாயபு கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. நான் மெல்லிய துணியால் அப்துலின் தடங்களைத் துடைத்து, மறுபடி பழைய டஸ்டரால் ஓட்டினேன். கார் கிளம்பிப் போனது. ஸ்டோர் யாருக்கு என்பது மட்டும் தீரவில்லை. நான் புது டஸ்டரை எடுத்து வந்து பேப்பரில் பரப்பிச் சுற்ற ஆரம்பித்தேன். கையிரண்டிலும் மெழுகு. பார்த்து அந்த நேரத்தில்தானா மீனா விழிக்க வேண்டும்? விழித்ததும் வீரிட்டாள். வாசலில் சவாரி பேச வந்த இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சாயபு அப்துலைப் பார்த்தார்.

"மரம் மாதிரி நிக்கறியே. ஸ்டோரம்மா வேலையா கீறாங்க இல்ல? போயி தூளிய ஆட்டுடா."

அப்துல் ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான் என்று சொல்ல வேண்டும்.

இப்போது ஷெட்டில் இரண்டு சடை டஸ்டர் இருக்கிறது. கரி அடுப்புக்குத் தனியாகப் பழந்துணி. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு சாமான் சரியாக வேலை செய்யாவிட்டால், கழுவுவதற்கு முன்னாலும் எறிவதற்கு முன்னாலும், அதில் எது அழுக்கு, எது அதன் உயிர் என்று ஓர் ஓரத்து இழையில் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக முக்காதீர்கள். தூளிக் கயிற்றை மூன்று தரம் இழுத்துப் பாருங்கள். நான் இப்போது நான்கு தரம் பார்க்கிறேன், மீனா கனத்துவிட்டாள்.