பியூலா கேட்ட இரட்டைக் கூடை

பேத்தமங்களா சாலையிலுள்ள தக்காளிக் கூழ் ஆலையில் பியூலாவை அறியாத குழாய் கிடையாது. பைப்பில் காதை வைத்தால் ஏரியில் எந்த மீன் கொட்டாவி விடுகிறது என்றுகூடச் சொல்லிவிடுவாள். மீனை வேண்டுமானால் தள்ளிவிடலாம்; காது உண்மை.

பதினோரு வருடம் விடியற்கால ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்வந்தவள், போன வருடம்தான் இங்கே பராமரிப்பு வேலையில் சேர்ந்தாள். இப்போது அந்த வேலைக்கே ஆபத்து. தக்காளி கழுவிய தண்ணீரையே திரும்பக் கழுவக் கொண்டுவரும் குழாயின் வடிகட்டி ஷிப்டுக்கு ஆறு முறை அடைத்துக்கொண்டது. அதைக் கழுவி மாட்டும்வரை ஆலையே நின்றது. சனிக்கிழமை பெரிய லோடு. அன்றும் நின்றால் பராமரிப்பை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி மனோகர் சொல்லிவிட்டார்.

வடிகட்டி விற்கும் பிரதாப் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்தார். "மேடம், இருக்கிறதுலயே பொடி வலை இதான். கொசு முட்டைகூடப் போவாது."

தினமும் அதைக் கழுவுகிற எலைன் பதறினாள். "இன்னா சார், இன்னும் பொடியா? தேச்சுத் தேச்சே என் கைரேகை போச்சு. ஆதார் மெஷின் நீ யாருன்னு கேக்குது!"

பியூலா பழைய வடிகட்டியில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். காம்பு, இலை, தோல், மீதியெல்லாம் மண். பிறகு தக்காளிமேல் தண்ணீர் பீய்ச்சும் குழாய்மூக்கின் துளையை அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்.

"அந்தத் துளைய அடைக்கிறத மட்டும் புடிச்சா போதும் சார். ஒரு மில்லிமீட்டர் வலை குடுங்க. மண்ணு தாராளமா போவட்டும், தொட்டி அடியில தங்கிக்கும். பொடி வலை போட்டா அத்தனையும் இங்கயே அப்பிக்கும்."

"கழுவ எப்படியும் நிறுத்தணுமே மேடம்?"

"ஏன் நிறுத்தணும்? எங்க தங்கச் சுரங்க ஷாப்டுல ஆள் ஏத்துற கேஜ் ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போவும். அந்த மாதிரி ரெண்டு வலைக்கூடை வெச்ச வடிகட்டி இல்லியா? ஒண்ணு கழுவுறப்ப இன்னொண்ணு ஓடட்டும்."

"இருக்கு. யாரும் கேக்கமாட்டாங்க."

"நான் கேட்டுட்டேன். எடுத்துட்டு வாங்க, போங்க."

சனிக்கிழமை லாரிகள் பங்காருபேட்டை வரை நின்றதாக எலைன் சொல்வாள். ஆலை வாசல் வரை என்பது லாரிக்காரர்கள் கணக்கு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு அழுத்தமானிகளின் முட்களும் ஒன்றையொன்று விட்டு விலகி அடைப்பைக் காட்டத் தொடங்கியதும் பியூலா கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரை அடுத்த கூடைக்கு மாற்றினாள். தண்ணீர் துளிகூடத் தடுமாறவில்லை. அழுக்குக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எலைன் பாடியபடி போனாள்.

அடைப்பைப் பார்க்கவென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனோகர், சாயங்காலம் பொறுமையிழந்தார். "எப்பம்மா நிக்கும்?"

"டீ டைமுக்கு நிறுத்துவோம் சார்."

திங்கட்கிழமை பெங்களூர் போகும் விடியற்கால ரயில் கூவியது. பியூலா போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.